கம்பிச் சுருளும் அண்டை மின்னோட்டமும்

லாபு ரயில் நிலையத்தின் மேடையில் நின்று அண்ணாந்து பார்ப்போர்க்குத் தண்டவாளத்தின் நேர் மேலே, தூணுக்குத் தூண் இழுத்துக் கட்டப்பட்ட கம்பி ஒன்று தெரியும். கோலாலம்பூர் வட்டாரத்தையும் சிரம்பானையும் இணைக்கும் கொமுட்டர் மின்ரயில்கள் 1995ஆம் ஆண்டு முதல் அக்கம்பியிலிருந்தே தமக்கு வேண்டிய மின்சக்தியைப் பெற்று ஓடி வருகின்றன. கம்பியிலுள்ள மின்னழுத்தம் 25,000 வோல்ட். அது பாட்டரியிலிருந்து வருவது போன்ற நேர்மின்சாரம் அன்று. விநாடிக்கு 50 சுற்று வீதம் முன்னும் பின்னும் அலையும் மாறுதிசை மின்சாரம்.

இப்பாதைக்கு இணையாக, சற்றுத் தள்ளி, நீண்டதொரு வேலிக் கம்பி ஓடுவதாகக் கொள்வோம். அதற்கும் ரயிலின் மேற்கம்பிக்கும் இடையே ஓர் இழைத் தொடர்பும் இல்லை. எனினும் ரயில் வேகமெடுத்து மின்சாரத்தை இழுக்கும் நேரத்தில் அவ்வேலிக் கம்பியிலும் ஒரு மின்னழுத்தம் தோன்றுகிறது. தொடாமலே இது எங்ஙனம் நேர்கிறது? இதனை முன்னறிந்து தடுப்பதற்கு ரயில்வே பொறியியலாளர் என்ன செய்கின்றனர்? நம் மாணவர்க்கு இதனை எவ்வாறு விளக்குவது?

இவ்வினாக்களுக்கெல்லாம் விடை, பள்ளிப் பாடத்தில் நாம் விரைந்து கடந்து செல்லும் ஒரு சிறு பொருளில் அடங்கியிருக்கிறது. அதுவே வரிச்சுருள். வெளியிலுள்ள காந்தப் புலம் ஒரு சுருளை எவ்வாறு பாதிக்கிறது, அடுத்துள்ள சுருளின் மின்னோட்டம் அதனை எவ்வாறு பாதிக்கிறது என்னும் இரண்டையும் தெளிவுறப் பிரித்தறிந்தால் மற்றவை தாமே விளங்கும்.

பெயரும் பொருளும்

நீண்ட குழாய் ஒன்றின்மேல் மின்கடவாப் பூச்சுடைய செம்புக் கம்பியை நெருக்கமாக, வரி வரியாகச் சுற்றினால் கிடைப்பது வரிச்சுருள். மேனாட்டார் இதனைச் சோலினாய்டு என்பர். பிரெஞ்சு விஞ்ஞானி ஆம்பியர், குழாய் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயரை ஆக்கினார். அவர் வடிவத்தை நோக்கிப் பெயரிட்டார். தமிழ்ப் பாடநூலாசிரியர்கள் சுற்றும் முறையை நோக்கி வரிச்சுருள் என்றனர். இரண்டும் பொருத்தமே.

மற்றொரு சொல், தூண்டல். இதனைத் தேர்ந்தெடுத்தவர்களை எவ்வளவு பாராட்டினும் தகும். அகல் விளக்கின் திரி மங்கும்போது நாம் தூண்டுகோலால் அதனை மெல்லத் தள்ளி விடுகிறோம். சுடர் மேலெழுகிறது. தூண்டுகோல் எண்ணெய் கொண்டு வருவதில்லை, நெருப்பும் கொண்டு வருவதில்லை. அசைவு ஒன்றையே தருகிறது. அதைத் திரியின் அருகே சாத்தி வைத்துவிட்டால் விளக்கு தூண்டப்படுமோ? படாது. அசைத்தால்தான் தூண்டல். மின்தூண்டலின் உயிர்நிலையும் இதுவே. இதை மறவாதிருப்போமாயின் பின்வரும் பகுதிகள் எளிதில் விளங்கும்.

சுருளின் சொந்தப் புலம்

மின்னோட்டம் தன்னைச் சூழக் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது என்பதை 1820ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த எர்ஸ்டெட் கண்டறிந்தார். ஒற்றைக் கம்பியின் புலம் சிதறியிருக்கும். கம்பியைச் சுருளாகச் சுற்றினாலோ ஒவ்வொரு சுற்றின் புலமும் மற்றதனோடு கூடி, சுருளின் உட்புறத்தில் ஒரே திசையில் ஒரே சீராக அமைகிறது. வெளியே அது மிகவும் குன்றி விடுகிறது.

அதன் வலிமையைக் கணக்கிடுதல் எளிது. 1 மீட்டர் நீளத்துக்கு 1,000 சுற்று என்னும் நெருக்கத்தில் சுற்றிய நீண்ட சுருளில் 1 ஆம்பியர் மின்னோட்டம் சென்றால், உள்ளே உண்டாகும் புலம் ஏறத்தாழ 1,257 மைக்ரோடெஸ்லா. மின்னோட்டத்தை இரட்டித்தால் புலமும் இரட்டிக்கும். சுற்றின் நெருக்கத்தை இரட்டித்தாலும் அப்படியே. குழாயின் பருமன் இக்கணக்கில் வாராது என்பதை மாணவர்க்குச் சுட்டிக் காட்டுதல் நன்று.

அசையாத வெளிப்புலம் செய்வது என்ன?

இச்சுருளை மேசைமேல் வைத்தாயிற்று. அதற்கு வெளியே ஏதேனும் காந்தப் புலம் உண்டா? உண்டு, பூமியே ஒரு பெருங்காந்தமாயிற்றே! நம் நாட்டுப் பகுதியில் பூமியின் காந்தப் புலம் ஏறத்தாழ 42 மைக்ரோடெஸ்லா. நாம் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் வாழ்வதால் அப்புலம் நிலத்துக்கு ஏறத்தாழக் கிடைமட்டமாகவே, தெற்கிலிருந்து வடக்கு நோக்கி அமைந்துள்ளது. ஐரோப்பிய நாடுகளில் அது நிலத்தினுள் செங்குத்தாகப் பாய்வது போல் சாய்ந்திருக்கும். ஆகவே மேனாட்டு நூல்களின் படங்களை அப்படியே நம் வகுப்புக்குக் கொணர்தல் பொருந்தாது.

நம் சுருளின் நீளவாக்கைத் தெற்கு வடக்காக வைத்தால், அதன் சொந்தப் புலமும் பூமியின் புலமும் கூட்டப்படும் அல்லது கழிக்கப்படும். ஒரே திசையாயின் 1,257 உடன் 42 சேர்ந்து 1,299 ஆகும். எதிர்த்திசையாயின் 1,215 ஆகும். கிழக்கு மேற்காக வைத்தாலோ புலத்தின் அளவு ஏறக்குறைய மாறாது. அதன் திசை மட்டும் 2 பாகைக்கும் குறைவாகச் சாயும். மின்னோட்டத்தைக் குறைத்துக் கொண்டே வந்து, ஏறத்தாழ 33 மில்லி ஆம்பியரில் எதிர்த்திசையாக நிறுத்தினால், சுருளின் உள்ளே பூமியின் புலம் முற்றிலும் தள்ளுபடியாகிவிடும். நுண்ணிய கருவிகளைப் பூமியின் காந்தத்திலிருந்து காக்க ஆய்வுக்கூடங்களில் இம்முறையே கையாளப்படுகிறது.

அசையாத வெளிப்புலம் மேலும் இரண்டு செயல்களைச் செய்ய வல்லது. ஒன்று, மின்னோட்டமுள்ள சுருளைத் தன் திசைக்குத் திருப்ப முயல்வது. தடையின்றித் தொங்கும் சுருள் திசைகாட்டியைப் போல் வடக்கு நோக்குவது இதனாலேயே. மற்றொன்று, சுருளினுள் இரும்பு இருப்பின் அதனை முன்கூட்டியே காந்தமாக்கி விடுவது. இரும்பு ஓரளவுக்கு மேல் காந்தத்தை ஏலாது. நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்றினால் வழிவது போலாகும். வெளிப்புலத்தால் நிறைந்துவிட்ட இரும்பையுடைய சுருளில், மின்னோட்டம் மாறினாலும் காந்தப் பாயம் சிறிதளவே மாறும். அதனால் அச்சுருளின் தூண்டல் திறன் வெகுவாகக் குறைந்துபோம்.

ஆனால் அசையாத வெளிப்புலம் அசையாத சுருளில் செய்ய முடியாத செயல் ஒன்றுண்டு. அது மின்னழுத்தம் எதனையும் பிறப்பிக்காது. வலிய காந்தத்தைச் சுருளின் நடுவே ஓர் ஆண்டுக்காலம் வைத்திருப்பினும் அதன் முனைகளில் ஒரு வோல்ட்டின் ஒரு சிறு பின்னமும் தோன்றாது. “காந்தம் அருகே இருந்தால் சுருளில் மின்சாரம் உண்டாகும்” என்று மாணவர் எழுதும் விடை பாதி உண்மை. பாதி உண்மையைத் திருத்துதல் முழுப் பொய்யைத் திருத்துவதிலும் கடினம் என்பதை ஆசிரியர் அறிவர்.

அறை மாறி நடந்த கொலாடன்

இவ்வுண்மையை உலகம் எளிதில் கண்டுகொள்ளவில்லை. மின்னோட்டம் காந்தத்தை உண்டாக்குமாயின், காந்தமும் மின்னோட்டத்தை உண்டாக்க வேண்டுமே என்று விஞ்ஞானிகள் பலர் எண்ணினர். 1825ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே ஒரு கம்பியில் மின்னோட்டத்தைச் செலுத்தி, அதனையொட்டிக் கிடந்த மற்றொரு கம்பியில் ஏதேனும் விளைவு உண்டாவெனத் தேடினார். ஒன்றும் காணவில்லை.

அதே ஆண்டில் ஜினிவா நகரில் கொலாடன் என்பார் இன்னும் நெருங்கி வந்தார். அவர் வலிய காந்தம் ஒன்றைச் சுருளினுள் நுழைத்துப் பார்க்க விரும்பினார். சுருளில் மின்னோட்டம் பிறந்தால் அதைக் காட்ட ஒரு மின்னோட்டமானி வேண்டும். மின்னோட்டமானியில் இருப்பதும் காந்த முள்ளே. தம் வலிய காந்தம் அம்முள்ளை நேராகவே இழுத்துவிடுமோ என்று அஞ்சிய அவர், நீண்ட கம்பிகளைக் கட்டி மானியை அடுத்த அறையில் வைத்தார். காந்தத்தைச் சுருளில் நுழைத்துவிட்டு அடுத்த அறைக்கு நடந்து சென்று பார்த்தார். முள் பழைய நிலையிலேயே நின்றது. நுழைத்த அக்கணத்தில் அசைந்த முள், அவர் போய்ச் சேர்வதற்குள் மீண்டுவிட்டது. வெளிப்புலத்தின் நேரடித் தாக்கத்தை விலக்க அவர் எடுத்த எச்சரிக்கை முற்றும் சரியே. ஆனால் அந்த அறையில் முள்ளைப் பார்த்திருக்க ஓர் ஆள் இல்லை.

1831ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் பாரடே மீண்டும் முயன்றார். மெல்லிரும்பு வளையம் ஒன்றின் ஒரு பாதியில் ஒரு சுருளையும் மறுபாதியில் மற்றொரு சுருளையும் சுற்றினார். முதற் சுருளைப் பாட்டரியோடு இணைத்த கணத்தில் இரண்டாம் சுருளின் முள் துள்ளி அசைந்து மீண்டது. பாட்டரி இணைந்திருந்த நேரம் முழுதும் முள் அசையாது கிடந்தது. இணைப்பைத் துண்டித்த கணத்தில் எதிர்ப்புறம் துள்ளியது. தொடக்கத்தில் ஒரு துள்ளல், முடிவில் ஒரு துள்ளல், இடையில் மௌனம். பாரடேயின் மேதை, அந்த மௌனத்தையும் ஒரு விடையாகக் கொண்டதில் விளங்குகிறது.

சுருளை ஊடுருவும் காந்தப் பாயம் மாறும் வேகமே அதில் பிறக்கும் மின்னியக்கு விசை என்பது இதனால் பெறப்படும் விதி. பிறக்கும் மின்னோட்டம் தன்னைப் பிறப்பித்த மாற்றத்தை எதிர்க்கும் திசையிலேயே ஓடும் என்பதை 1834ஆம் ஆண்டில் லென்ஸ் வகுத்துக் கூறினார்.

பரிமாற்றுத் தூண்டல்

ஒரு சுருளின் மின்னோட்டம் மாறும்போது அடுத்த சுருளில் மின்னழுத்தம் பிறப்பதைப் பரிமாற்று மின்தூண்டல் என்கிறோம். இங்கே ‘பரிமாற்று’ என்னும் அடைமொழி வெறும் அலங்காரம் அன்று. முதற் சுருள் இரண்டாவதை எந்த அளவுக்குத் தூண்டுமோ, அதே அளவுக்கே இரண்டாவதும் முதலாவதைத் தூண்டும். ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருப்பினும் இருவழிக்கும் எண் ஒன்றே. ஜெர்மானியரான நாய்மன் 1845ஆம் ஆண்டில் அளித்த கணித வாய்பாடு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. அவ்வெண்ணின் அலகு, அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றியின் நினைவாக ஹென்றி எனப்படும். விநாடிக்கு 1 ஆம்பியர் வீதம் மின்னோட்டம் மாறும்போது அடுத்த சுருளில் 1 வோல்ட் பிறந்தால், அவ்விரு சுருளின் பரிமாற்றுத் தூண்டல் 1 ஹென்றி.

மேற்சொன்ன நம் சுருளையே எடுத்துக்கொள்வோம். அதன் குறுக்குப் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் என்க. அதன் நடுப்பகுதியின்மேல் 1,000 சுற்றுடைய இரண்டாம் சுருளைச் சுற்றினால், பரிமாற்றுத் தூண்டல் ஏறத்தாழ 1.26 மில்லி ஹென்றி. முதற் சுருளில் 1 ஆம்பியர் நிலையாக ஓடும் வரை இரண்டாவதில் தோன்றுவது சுழியம். அந்த 1 ஆம்பியரை விநாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் நிறுத்தினால் தோன்றுவது 0.126 வோல்ட். இன்னும் விரைவில் நிறுத்தினால் இன்னும் மிகுதி. உள்ளே இரும்பைச் செருகினால் பன்மடங்கு மிகுதி.

இரண்டாம் சுருளின் முனைகள் திறந்திருக்கும் வரை அது முதலாவதற்கு யாதொரு இடையூறும் செய்வதில்லை. முனைகளை இணைத்து மின்னோட்டம் ஓட விட்டால், அம்மின்னோட்டத்தின் புலம் முதற் சுருளின் பாயத்தை எதிர்க்கத் தொடங்கும். அதனை ஈடுசெய்ய முதற் சுருள் தன் மூலத்திலிருந்து மேலும் மின்னோட்டத்தை இழுக்கும். தோட்டப்புறச் சாலையோரத்தில் 11,000 வோல்ட்டை வீட்டுக்குரிய 230 வோல்ட்டாகத் தாழ்த்தும் டிரான்ஸ்பார்மர் இவ்வாறே வேலை செய்கிறது. நம் வீட்டில் விளக்கை ஏற்றியதும், கம்பித் தொடர்பே இல்லாத மறுபக்கச் சுருள் அதனை உணர்ந்து அதற்கேற்ப மின்சக்தியை வாங்கிக் கொடுக்கிறது.

இரு சுருள்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சுற்றில் இணைத்தால், அவற்றின் மொத்தத் தூண்டல் வெறுங் கூட்டுத்தொகை ஆகாது. புலங்கள் ஒரே திசையாயின் பரிமாற்றுத் தூண்டலின் இருமடங்கு அதனோடு கூடும். எதிர்த்திசையாயின் இருமடங்கு கழியும். பக்கத்தில் இருப்பவர் யார், எப்புறம் நோக்கி இருக்கிறார் என்பதைப் பொறுத்தே சுருளின் இயல்பு அமைகிறது.

லாபு வழியே ஒரு கணக்கு

இனி ரயில் பாதைக்கு மீள்வோம். மேற்கம்பியில் 300 ஆம்பியர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 10 மீட்டர் தூரத்தில் அதன் காந்தப் புலம் 6 மைக்ரோடெஸ்லா. பூமியின் புலமோ 42. ஏழு மடங்கு பெரிது. ஆயினும் பூமியின் புலம் அசையாதிருப்பதால் அங்கு வைத்த சுருளில் அது எதனையும் பிறப்பிப்பதில்லை. ரயிலின் சிறு புலமோ விநாடிக்கு 50 சுற்று அலைகிறது. 1,000 சுற்றும் 10 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உடைய நம் சுருளை அங்கு அப்புலத்துக்கு நேராக வைத்தால், அதில் ஏறத்தாழ 2 மில்லி வோல்ட் தோன்றும். வலியதோர் அசையாப் புலத்தை மெலியதோர் அசையும் புலம் வெல்லும் காட்சி இது.

2 மில்லி வோல்ட் அற்பமன்றோ என்று கேட்கலாம். சுருள் சிறிதாதலால் அற்பம். பரப்பைப் பெருக்கிப் பாருங்கள். 1 கிலோமீட்டர் நீளமுள்ள வேலிக் கம்பி பாதையிலிருந்து 10 மீட்டர் தள்ளி ஓடுகிறது. அதன் இரு முனைகளும் இணைந்து சுற்று முடியும் மறுபக்கம் 100 மீட்டர் தள்ளி இருக்கிறது என்க. ஒரே ஒரு சுற்றுடைய மாபெருஞ் சுருள் அது. மேற்கம்பிக்கும் அதற்கும் உள்ள பரிமாற்றுத் தூண்டல் ஏறத்தாழ 0.46 மில்லி ஹென்றி. 300 ஆம்பியர் ஓடும்போது அதில் பிறப்பது ஏறத்தாழ 43 வோல்ட்! நீளம் இருமடங்கானால் இதுவும் இருமடங்காகும்.

நடைமுறையில் இவ்வளவு வாராது. ரயிலுக்குச் சென்ற மின்னோட்டம் தண்டவாளத்தின் வழியே எதிர்த்திசையில் திரும்புகிறது. அதன் புலம் மேற்கம்பியின் புலத்தைப் பெரும்பகுதி ஈடுசெய்து விடும். ஆனால் திரும்பும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு தண்டவாளத்தை விட்டுக் கசிந்து நிலத்தினுள் பரவுவதால், ஈடு முழுமை பெறுவதில்லை. எஞ்சியதே இடர் தருவது.

ஈண்டு ஒரு வேறுபாட்டைக் குறித்தல் வேண்டும். 25,000 வோல்ட் கம்பி, மின்னோட்டம் ஓடாதபோதும், அருகில் தனித்து நிற்கும் உலோகத்தின்மேல் மின்னேற்றத்தை உண்டாக்கவல்லது. அது வேறு; இது வேறு. மின்னேற்றத்தால் வரும் அழுத்தத்தை ஓரிடத்தில் நிலத்தோடு இணைத்தே போக்கிவிடலாம். காந்தத் தூண்டலால் வருவதற்கு ஓரிடத்து இணைப்பு போதாது. ஒரு முனையை நிலத்தோடு இணைத்தால் முழு அழுத்தமும் மறுமுனையில் சென்று நிற்கும். ஆகவே மின்ரயில் பாதையோர உலோக வேலிகளைப் பல இடங்களில் நிலத்தோடு இணைப்பதும், இடையிடையே மின்கடவாத் துண்டு வைத்து நீளத்தைப் பிரிப்பதும் பொறியியலாளர் வழக்கம்.

கைகாட்டியைக் காக்கும் செம்பு

வேலியினும் முக்கியமானது ரயில் கைகாட்டி. பச்சையோ சிவப்போ என்பதைத் தீர்மானிக்கும் சுற்றுகளில் ரிலே என்னும் சாதனம் நெடுங்காலமாகப் பணியாற்றி வருகிறது. ரிலேயின் இதயம், இரும்புத் தண்டின்மேல் சுற்றிய ஒரு வரிச்சுருளே. அதில் மின்னோட்டம் சென்றால் இரும்பு நாக்கு ஒன்று மேலே இழுக்கப்படும்; பாதை பாதுகாப்பானது என்று பொருள். மின்னோட்டம் நின்றால் நாக்கு தன் எடையாலேயே கீழே விழும். ரயில் நிற்க வேண்டும் என்று பொருள். எது பழுதானாலும் நாக்கு விழ வேண்டும் என்பதே இவ்வமைப்பின் அறம்.

இங்கே தூண்டல் குறுக்கிட்டால் என்னாகும்? பாதையோரமாகப் பல கிலோமீட்டர் ஓடிவரும் கைகாட்டிக் கம்பியில் ரயிலின் மின்னோட்டத்தால் ஓர் அழுத்தம் தூண்டப்படுகிறது. கம்பி எங்கேனும் பழுதுற்று நிலத்தோடு தொடர்பு கொண்டால், அவ்வழுத்தம் ரிலேயின் சுருளில் மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தக்கூடும். நேர்மின்சாரத்துக்கென அமைந்த ரிலே அதனைப் பொருட்படுத்தாது என நினைத்தல் தவறு. சுருள் இரும்பை இழுக்கும் விசை புலத்தின் இருபடியைப் பொறுத்தது. புலம் எத்திசையில் இருந்தாலும் இழுப்பு இழுப்பே. ஆதலின், எவரும் அனுப்பாத மின்சாரத்தால் நாக்கு எழுந்து, பாதுகாப்பற்ற பாதையைப் பாதுகாப்பானது எனக் காட்டிவிடக்கூடும். உயிர்கள் தொங்குவது அந்த நாக்கில்.

இதனைத் தடுக்க, மாறுதிசை மின்சாரத்துக்கு அசையாத ரிலேக்கள் ஆக்கப்பட்டன. அவற்றுள் ஒரு வகை உபாயம் மிக அழகியது. இரும்புத் தண்டைச் சூழத் தடித்த செம்பு வளையம் ஒன்றைப் பொருத்துகின்றனர். அவ்வளையமும் ஒரு சுருளே. ஒரே சுற்று, முனைகள் இணைந்தது. நிலையான பாயத்தை அது தடுப்பதில்லை. பாயம் விரைந்து அலைய முற்பட்டாலோ, பரிமாற்றுத் தூண்டலால் வளையத்தில் பெரும் மின்னோட்டம் பிறந்து, லென்ஸ் விதிப்படி அந்த அலைவை எதிர்க்கிறது. எதிர்க்கப்பட்ட பாயத்தை நாக்கிருக்கும் வழி செல்லாது வேறு வழியில் திருப்ப, தனியே ஓர் இரும்புப் பாலமும் அமைப்பதுண்டு. தூண்டலால் வந்த நோய்க்குத் தூண்டலே மருந்தாயிற்று.

பிற நாட்டு அனுபவம்

இவ்விடர் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. சென்னையில் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டில் மின்ரயில் ஓடத் தொடங்கியபோது, அது 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடியது. நேர்மின்சாரம் நிலையாக ஓடும் வரை அண்டைக் கம்பிகளைத் தூண்டுவது சொற்பம். 1957ஆம் ஆண்டில் இந்திய ரயில்வே 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தைப் பொதுமுறையாகத் தேர்ந்தது. சென்னைப் பாதையும் 1960களில் அதற்கு மாற்றப்பட்டது. இம்முறையில் செலவு குறைவு, துணைநிலையங்களும் குறைவு. ஆனால் பாதையோரம் தூண்களில் ஓடிய தந்தி, தொலைபேசிக் கம்பிகள் அங்கேயே இருக்க முடியவில்லை. அவற்றை உலோக உறையிட்ட கேபிளாக்கி நிலத்தடியில் புதைக்க வேண்டியதாயிற்று.

சில பாதைகளில் பூஸ்டர் டிரான்ஸ்பார்மர் என்னும் சாதனத்தைச் சில கிலோமீட்டருக்கு ஒன்றாக வைக்கின்றனர். அதன் ஒரு சுருள் மேற்கம்பியோடும், மறு சுருள் திரும்பும் மின்னோட்டத்துக்கென இழுத்த தனிக் கம்பியோடும் இணைந்திருக்கும். போகும் மின்னோட்டம் எவ்வளவோ அவ்வளவு திரும்பும் மின்னோட்டத்தையும் அத்தனிக் கம்பியில் வருமாறு பரிமாற்றுத் தூண்டல் கட்டாயப்படுத்துகிறது. நிலத்தினுள் கசிவது குறைகிறது. போவதும் வருவதும் அருகருகே எதிர்த்திசையில் இருப்பதால் வெளியே புலம் மெலிகிறது. தொலைபேசிக் கம்பிகளை இரண்டிரண்டாக முறுக்கி வைப்பதன் நோக்கமும் இதனோடு ஒத்ததே. ஒரு முறுக்கில் தூண்டப்படுவதை அடுத்த முறுக்கு எதிர்த்திசையில் ஈடுசெய்கிறது.

ஏதும் இயலாவிடில் எஞ்சுவது தூரம். பம்பாயின் கொலாபா வானிலைக் கூடத்தில் 19ஆம் நூற்றாண்டின் நாற்பதுகள் முதல் பூமியின் காந்தப் புலத்தை இடைவிடாது அளந்து வந்தனர். நகரில் மின்சார டிராம் ஓடப் போகிறது என்று தெரிந்ததும், டிராம் மின்னோட்டத்தின் புலம் அந்நுண்ணிய அளவுகளைக் கெடுத்துவிடும் என்று உணர்ந்தனர். கடலுக்கு அப்பால் அலிபாக் என்னுமிடத்தில், காந்தத்தன்மையற்ற கல்லால் புதிய கூடம் 1904ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. 1904 முதல் 1906 வரை இரண்டு இடங்களிலும் ஒரே காலத்தில் அளந்து, பழைய கணக்கையும் புதிய கணக்கையும் பிணைத்துக் கொண்டனர். பம்பாயில் மின்சார டிராம் ஓடியது 1907ஆம் ஆண்டில். இடர் வருமுன் விலகியதனால், அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட உழைப்பின் தொடர்ச்சி அறுபடாது காக்கப்பட்டது.

வகுப்பறையில்

இவற்றையெல்லாம் மாணவர்க்கு உரைத்தல் மட்டும் போதாது; காட்டவும் வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. அட்டைக் குழாய் ஒன்று, பழைய டிரான்ஸ்பார்மரிலிருந்து கழற்றிய பூச்சுக் கம்பி, ஒரு கட்டு இரும்பு ஆணிகள், டார்ச் விளக்கு பாட்டரி இரண்டு, முள் அசையும் பழைய வகைச் சோதனைமானி ஒன்று ஆகியவை போதும். குழாயின்மேல் இருநூறு சுற்று ஒரு சுருள். அதன்மேல் காகிதம் சுற்றி, ஐந்நூறு சுற்று மற்றொரு சுருள். மேற்சுருளை மானியின் மிக நுண்ணிய மின்னோட்ட அளவையோடு இணைத்திடுக. மானி சுருளிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருக்கட்டும். கொலாடன் அஞ்சிய நேரடித் தாக்கம் இதனால் விலகும்.

இனி ஒரு மாணவன் பாட்டரிக் கம்பியைத் தொட்டு எடுக்கட்டும். மற்றொருவன் முள்ளையே பார்த்திருந்து, அது அசையும்போதெல்லாம் உரக்கச் சொல்லட்டும். தொடும்போது ஒரு குரல், எடுக்கும்போது ஒரு குரல், இடையில் மௌனம். பிறகு ஆணிக் கட்டைச் செருகி அதையே திரும்பச் செய்க. முள் முன்னிலும் துள்ளும். அதன்பின் இடையிலுள்ள மௌனம் ஏன் என்று கேட்டு, விடையைத் தாமே சொல்லும் வரை காத்திருங்கள். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவது அதற்குப் பின்னரே ஆகுக. பாட்டரிக் கம்பியை நெடுநேரம் இணைத்தே வைத்தலாகாது, சுருள் சூடேறும். வீட்டு மின்சாரத்தை இப்பரிசோதனைக்கு எக்காரணத்தாலும் பயன்படுத்தலாகாது.

பரிசோதனை முடிந்தபின் ரயில் பாதையைப் பற்றிக் கூறுக. பாதையோர வேலியைப் பிடித்து ஏறுதல், அதில் கம்பி கட்டி நீட்டுதல், அறுந்து தொங்கும் எதனையும் நெருங்குதல் ஆகியவற்றை நாம் தடுக்கும்போது, “தொடாதே” என்ற சொல் மட்டும் சிறுவர் காதில் நிற்பதில்லை. அக்கம்பியில் எவரும் மின்சாரம் இணைக்கவில்லையே, பின் ஏன் தொடக்கூடாது என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. தம் கையால் தொட்டு எடுத்த பாட்டரிக் கம்பியும், இணைப்பில்லாத மறுசுருளில் துள்ளிய முள்ளும் அதற்கு விடை சொல்லும். அவ்விடையை உணர்ந்த பிள்ளை, நாம் அருகில் இல்லாத நேரத்திலும் வேலியை விட்டு விலகியே நடப்பான்.